லைன் க்ளியர்

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் ஜெயபுஷ்பம் டெலிபோன் போர்டு பார்த்துவந்தாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘எந்தம்மா’ என்று பெயர். யார் என்ன சொன்னாலும் ‘எந்த?’ என்று திருப்பிக் கேட்பாள். ‘பார்ட்டி வந்திருக்கும்மா’ என்று வாட்ச்மேன் வந்து சொன்னால், “எந்தப் பார்ட்டி? சரக்கு எடுக்கிற பார்ட்டியா, நன்கொடைக்கு வந்த கட்சிக்காரங்களா?” என்பாள். ‘சைடு வெட்டியாச்சு’ என்று யாராவது சொன்னால் சைடு என்கிற பாதி மாட்டுத்தோலைச் சொல்கிறானா, தோட்டத்து வேலியைச் சொல்கிறானா என்று தெரியும்வரை விடமாட்டாள். புதிதாகச் சேர்ந்த கிளார்க்குகள் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிப்பதில்லை. எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் அந்த டேனரிக்குள் இருந்தவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அவள் பிறந்தது வேலூரில். அப்பா ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தாள். இங்கிலீஷ் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் குரல் கணீரென்று இருக்கும், சொல்லுகிற வார்த்தையைக் கடித்துத் துப்பாமல் முழுதாகச் சொல்வாள். கல்யாணமாகி ஆம்பூர் வந்தாள். கணவர் வில்சன் ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ‘லைன் க்ளியர்’ என்ற வார்த்தை அவரோடுதான் அவள் வாழ்க்கைக்குள் வந்தது. “லைன் க்ளியர் குடுத்துட்டாங்க, மெயில் வருது” என்று பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். தண்டவாளம் காலியாக இருக்கிறது, வண்டி வரலாம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

டேனரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்தது. போனில் குரல் இரைச்சல் இல்லாமல் கேட்டால் லைன் க்ளியர். மெட்ராஸ் ஏஜெண்டு ட்ரங்க் காலில் வந்தால் முதலில் கேட்பதே அதுதான். வீட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று. ஜெயபுஷ்பத்துக்கு அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. எந்த இடத்தில் நிற்கிறோமோ அந்த இடத்து அர்த்தம் தானாக வந்துவிடும்.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்து பார்த்தால் டேனரியின் பின்பக்கம் ஒரு பழைய புளியமரத்தின் கிளை ஒடிந்து, பெரிய மின்கம்பியின் மேல் விழுந்து கிடந்தது. ஆலைக்குள் கரண்ட் இல்லை. தோலைப் போட்டு உருட்டுகிற மர டிரம்கள் எல்லாம் நின்றுபோயின. ஓடுகிற டிரம் பாதியில் நின்றால் உள்ளே இருக்கிற தோல் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கிக் கறைபிடித்துவிடும். மேனேஜர் இஷ்தியாக் அகமது கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. மெட்ராஸிலிருந்து கப்பல் ஏற வேண்டிய சரக்கு அது.

“புஷ்பம்மா, இன்னொரு வாட்டி போடு அந்த கரண்ட் ஆபீசுக்கு. ஜல்தி!”

போனும் ஒழுங்காக இல்லை. வெளியே போகிற இரண்டு லைனில் ஒன்று செத்துப்போயிருந்தது. மற்றதில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டதுபோல ஒரே இரைச்சல். எக்ஸ்சேஞ்சிலிருந்து மெக்கானிக் காலையிலிருந்து அடிக்கொருதரம் கூப்பிட்டு, “டேனரியா? லைன் க்ளியரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். “இல்லப்பா, பேஜாரா இருக்கு” என்று அவளும் அடிக்கொருதரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மின்சார லைன்மேன் ஆதிகேசவன் வந்து சேர்ந்தான். முப்பது வயது இருக்கும். ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டை, தோளில் கயிறு. கூட ஏசுராஜ் என்று ஓர் உதவி ஆள். ஆதிகேசவன் சேற்றுக் காலோடு ஆபீசுக்குள் வரத் தயங்கி, வாசலிலேயே நின்றான்.

“அக்கா, சப் ஸ்டேஷன் போட்டுக் குடுங்க. லைன் க்ளியர் வாங்கணும்.”

“இன்னா வாங்கணும்?”

“லைன் க்ளியர்க்கா. கரண்ட்ட நிறுத்திட்டோம்னு அவங்க வாயால சொல்லணும். அப்பறம்தான் நான் கம்பத்துல கால் வைப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “எங்க வீட்டுக்காரருக்கு லைன் க்ளியர்னா வண்டி வருதுன்னு அர்த்தம். உனக்கு வரலன்னு அர்த்தமா?”

“ஆமாக்கா. வந்துச்சுன்னா நான் போய்ட்டேன்” என்று அவனும் சிரித்தான்.

சப் ஸ்டேஷனில் அன்றைக்கு ட்யூட்டியில் இருந்தவர் தானியேல். ஜெயபுஷ்பம் போகிற சர்ச்சுக்குத்தான் அவரும் குடும்பமும் வருவார்கள். அவர் மனைவி கிரேஸியும் இவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள். லைன் கிடைத்ததும் ஆதிகேசவன் பேசினான்; இரைச்சலுக்கு நடுவே தானியேல் கத்திச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

“நிறுத்தியாச்சு ஆதி. லைன் க்ளியர் குடுத்தாச்சு. ஏறிக்க.”

“வேல முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன் சார். அப்பறம் சார்ஜ் பண்ணுங்க” என்றான் ஆதிகேசவன். கம்பியில் மறுபடி மின்சாரம் விடுவதற்கு அவர்கள் பாஷையில் சார்ஜ் பண்ணுவது என்று பெயர்.

அவன் போனான். ஜெயபுஷ்பம் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொழிற்கூடங்கள் மறைத்ததால் கம்பம் இருக்கிற இடம் அங்கிருந்து தெரியாது.

மத்தியானம் தாண்டியது. மழை விட்டிருந்தது. குழிகளில் நிரம்பிய மழைத்தண்ணீரை இறைக்க டீசல் எஞ்சின் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது ஆலை முழுவதும் அதிரும்படி கத்திக்கொண்டிருந்தது. இஷ்தியாக் அகமது அவள் மேஜைப் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனார்:

“டிரம் ஷெட்லருந்து பாஷா கேட்டா, சார்ஜ் பண்ணச் சொல்லிடு. தோல உள்ள போட்டு ரெடியா வெக்கட்டும். கரண்ட் வந்த நிமிஷம் ஓடணும்.”

டேனரியில் சார்ஜ் பண்ணுவது என்றால் அதுதான்: தோலையும் தண்ணீரையும் மருந்தையும் டிரம்முக்குள் போட்டு நிரப்புவது. தினமும் பத்து வாயில் புழங்குகிற வார்த்தை.

கொஞ்ச நேரத்தில் வெளி லைன் அடித்தது. எடுத்தாள்.

“டேனரியா? லைன் க்ளியரா?”

காலையிலிருந்து கேட்ட அதே கேள்வி. இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. மெக்கானிக் எதையோ சரிசெய்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

“க்ளியர். இப்ப நல்லா க்ளியரா இருக்கு” என்றாள்.

அதே நேரத்தில் போர்டில் டிரம் ஷெட் கூப்பிடுவதைக் காட்டும் சின்ன மூடி விழுந்தது. வெளி லைனை அடைக்காமலே அவள் அந்த ஷெட்டுக்கான கார்டு வயரையும் சொருகினாள். அவசரத்தில் எல்லா ஆபரேட்டரும் செய்கிற காரியம்தான். இரண்டு பக்கத்துக்கும் அவள் குரல் போகும்.

“புஷ்பம்மா!” டிரம் மேஸ்திரி வாஹித் பாஷா எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார். “சார்ஜ் பண்லாமா? மேனேஜர் இன்னா சொல்றாரு?”

“சார்ஜ் பண்ணுங்க. சொல்லிட்டாரு.”

“சரி, பண்றேன்.”

டக்கென்று வைக்கிற சத்தம். அவளும் கார்டைப் பிடுங்கப் போனாள். அப்போது காதுக்குள் மறுபடியும் பாஷாவின் குரல்.

“அலோ? இன்னா சொன்னீங்க? காதுல உழல. சார்ஜ் பண்லாமா, வாணாவா?”

ஜெயபுஷ்பத்தின் கை நின்றது. பாஷா இன்னும் லைனில் இருக்கிறார். அப்படியானால் ‘சரி, பண்றேன்’ என்று சொல்லி வைத்தது யார்?

அந்தக் குரலை மனசுக்குள் திரும்பக் கேட்டாள். மெக்கானிக்கின் குரல் இல்லை. இரைச்சலைக் கழித்துவிட்டுக் கேட்டால், அது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்கள் பக்கத்திலிருந்து கேட்கிற தானியேலின் குரல். ‘லைன் க்ளியரா?’ என்றால் அவர் கேட்டது குரலைப் பற்றி இல்லை. கம்பத்திலிருந்து ஆள் இறங்கிவிட்டானா, கம்பி காலியா என்று கேட்டிருக்கிறார். இவள் க்ளியர் என்றாள். சார்ஜ் பண்ணுங்க என்றாள்.



எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாள். “சப் ஸ்டேஷன் குடுங்க, அர்ஜெண்ட்!”

“என்கேஜ்டு” என்றாள் அங்கிருந்த பெண்.

“அத அறுத்துட்டு எனக்குக் குடும்மா! ஒரு உசுரு கம்பத்து மேல இருக்கு!”

“இன்னாங்க? எதுக்கு மேல?”

விளக்க நேரமில்லை. ஹெட்போனைக் கழற்றி, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மேனேஜரின் கையில் திணித்தாள். “சார், சப் ஸ்டேஷன விடாம கேட்டுக்கினே இருங்க. கரண்ட் உட வாணாம்னு சொல்லுங்க! ஆதிகேசவன் மேல இருக்கான்!” அவர் “இன்னா? யாரு உடறாங்க?” என்று கேட்டது அவள் முதுகுக்குத்தான்.

முற்றத்தில் முழங்கால் வரை சேறும் சுண்ணாம்புத் தண்ணீரும். நனைந்த தோல்களை வழியெல்லாம் குவித்திருந்தார்கள். ஓடினாள். புடவை காலில் சுற்றியது, தூக்கிச் செருகிக்கொண்டாள். ஒரு தோல் குவியலின் மேல் கால் வழுக்கி முழங்கை ஊன்றி விழுந்தாள். சுண்ணாம்பு பட்டு எரிந்தது. எழுந்து ஓடினாள். இறைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆறு வருஷமாக அந்த அம்மா வேகமாக நடந்துகூட அவர்கள் பார்த்ததில்லை.

கடைசிக் கூடத்தைத் தாண்டியதும் கம்பம் தெரிந்தது. உச்சியில் ஆதிகேசவன், இடுப்பில் கயிறு, இரண்டு கையும் கம்பியில். கிளையை வெட்டித் தள்ளியாகிவிட்டது. அறுந்த துண்டை இணைத்துக்கொண்டிருந்தான். கீழே ஏசுராஜ் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். டீசல் எஞ்சின் அவர்களுக்குப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“லைன் க்ளியர் இல்ல!” என்று கத்தினாள். “லைன் க்ளியர் இல்ல!”

ஏசுராஜ் திரும்பினான். காதில் கை வைத்துக் கேட்டான். முதல் இரண்டு வார்த்தை எட்டியது, மூன்றாவதை எஞ்சின் தின்றுவிட்டது. அவன் தலையாட்டினான். “தெரியும்க்கா, லைன் க்ளியர் வாங்கிட்டோம்!” என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி மேலே பார்த்தான்.

அந்த நொடியில் ஜெயபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் முழுக்க மறந்துபோனது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியும்படி கத்தினாள்.

“எறங்கு! கரண்ட் வருது! எறங்குடா! எறங்கு!”

ஆதிகேசவன் கீழே பார்த்தான். வார்த்தை கேட்டதோ இல்லையோ, முகம் தெரிந்திருக்கும். சேறு பூசிக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்து, ஆபீசில் உட்கார்ந்திருக்க வேண்டிய பொம்பளை. அவன் கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்ததை விட்டான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். நாலு அடி சறுக்கி இறங்கினான். அப்புறம் பிடியை விட்டுவிட்டுக் குதித்தான்.

கம்பத்துக்குக் கீழே ஊறல் முடிந்து கொட்டிய ஆவாரம்பட்டைக் குவியல் இருந்தது. அதன் சரிவில் விழுந்து உருண்டான். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியது. அவன் அலறுவதற்குள் மேலே படீரென்று வெடித்தது. அரைகுறையாக இணைத்த இடத்திலிருந்து நீல நெருப்பு கொட்டியது. கருகிய வாசனை.

உள்ளே கூடங்களில் பல்புகள் எரிந்தன. டிரம்கள் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. “வந்துடுச்சுடோய்!” என்று ஆட்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ விசிலடித்தான். சந்தோஷச் சத்தம் கூடம் கூடமாகப் பரவி வந்தது. படபடவென்று இன்னொரு வெடி வெடித்து மறுபடி எல்லாம் அணைந்தது.

ஆதிகேசவன் பட்டைக் குவியலில் மல்லாந்து கிடந்தான். கெண்டைக்காலில் எலும்பு வெளியே தெரிந்தது. அவன் காலைப் பார்க்கவில்லை, கம்பத்து உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான், “யாரு உட்டது?”

ஜெயபுஷ்பம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜரின் காரில் அவனை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் காலைத் திறந்து கம்பி வைத்தார்கள். ஜெயபுஷ்பம் லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். நடந்ததை முதல் நாளே அவனிடமும் அவன் மனைவி தேவகியிடமும் சொல்லிவிட்டாள். தேவகி கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆதிகேசவன் மட்டும், “கத்தினதும் நீங்கதானேக்கா” என்றான்.

ஒரு நாள் போனபோது தேவகி கட்டிலுக்கு அடியிலிருந்த பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு.

“வூட்டுக்குப் போறோம்க்கா. டாக்டரு காலப் பாத்துட்டு நர்சுகிட்ட டிஸ்சார்ஜ்னு சொன்னாரு. என் காதால கேட்டேன். எங்கண்ணன் வண்டி கொண்டாறப் போயிருக்கு. நர்சு வர்றதுக்குள்ள கீழ போய் நின்னுக்கலாம்னு...”

ஆதிகேசவன் கட்டிலில் கண்மூடிக் கிடந்தான். நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. கட்டிலில் வீசின வாசனையும் நன்றாக இல்லை. ஒரு மாசத்துக்கு முந்தி என்றால் அவளும் சந்தோஷப்பட்டுக் கூடையைத் தூக்கியிருப்பாள். இப்போது கூடையைத் தொடவில்லை.

“இரு தேவகி. எந்த டிஸ்சார்ஜ்னு கேட்டுக்கினு வர்றேன்.”

“எந்த டிஸ்சார்ஜா? ஊருக்கெல்லாம் ஒரு டிஸ்சார்ஜ்தானேக்கா?”

நர்சு வார்டின் அந்தக் கடைசியில் இருந்தாள். கேட்டதும் பதறிப்போய்க் கூடவே வந்தாள். “புண்ணுல சீழ் வடியுதும்மா. அதத்தான் டாக்டர் டிஸ்சார்ஜ் இருக்குன்னு சொன்னாரு. நாளைக்கு மறுபடி தேட்டருக்குக் கொண்டு போகணும். வூட்டுக்குக் கூட்டினு போய்ட்டா காலு மிஞ்சாது, ஆளே மிஞ்சமாட்டாரு.”

தேவகி கூடையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். “தேட்டரா?” என்று கேட்டாள். ஜெயபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று சொன்னாள். தேவகி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக இவளைத் தொட்டது.

ஊரில் நிலைமை வேறாக இருந்தது. தானியேலை சஸ்பெண்ட் செய்து சார்ஜ் ஷீட் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரேஸி எப்போதும் உட்கார்கிற இடத்தில்தான் வந்து உட்கார்ந்தாள், ஆனால் பாட்டுப்புத்தகத்தைத் தன் மடியிலேயே விரித்துக்கொண்டாள். ஜெயபுஷ்பம் வார்த்தை தெரிந்த மட்டும் மனப்பாடமாகப் பாடினாள். தெரியாத இடத்தில் சும்மா நின்றாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் இஷ்தியாக் அகமது அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இத பாரு புஷ்பம்மா. போன்ல சத்தம் ஜாஸ்தி, ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிடு. நீ சொன்னேன்னு ஆச்சுன்னா டேனரி மேல வரும். முதலாளிங்க என்னத்தான் கேப்பாங்க.”

“அப்ப தானியேல் சார் வேல போய்டுமே சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வில்சனிடம் சொன்னாள். அவர் சொன்னார்: “எங்க ரயில்வேல வாய் வார்த்தைய நம்பி வண்டி உடமாட்டான். டோக்கன் கைக்கு வரணும். உங்க ரெண்டு பேர் கையிலயும் அப்படி ஒண்ணும் இல்ல. நீ உள்ளத சொல்லிடு. வேல போனா போவுது.” பிறகு, “போவாது” என்றார். அவர் குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

மின்சார ஆபீசின் மாடியறையில் விசாரணை. மேஜைக்குப் பின்னால் ஓர் எஞ்சினியர், வெளியூர்க்காரர். தானியேல் ஜன்னலோரம் நின்றார். சவரம் செய்யாத முகம். இவளைப் பார்க்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்: லைன் க்ளியரா என்று கேட்டேன், க்ளியர் என்றார்கள், சார்ஜ் பண்ணுங்க என்றும் சொன்னார்கள். அடுத்து ஏசுராஜ்: அந்த அக்கா ஓடி வரும்போதும் லைன் க்ளியர் என்றுதான் கத்தினார்கள், என் காதில் அப்படித்தான் விழுந்தது. எக்ஸ்சேஞ்சுப் பெண்ணிடமும் கேட்டு வைத்திருந்தார்கள்: எதற்கோ மேலே ஏதோ இருக்கிறது என்றார்கள், புரியவில்லை.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னதெல்லாம் சேர்ந்து அவள் தலையில் வந்து இறங்கியது.

“நீங்க லைன் க்ளியர்னு சொன்னீங்களா?” என்றார் எஞ்சினியர்.

“சொன்னேன் சார். ஆனா...”

“சார்ஜ் பண்ணுங்கன்னு சொன்னீங்களா?”

“அது டிரம் மேஸ்திரிக்கு சார். அவரு...”

“ஆமாவா, இல்லியா? ஒரு வார்த்தையில சொல்லுங்கம்மா.”

ஜெயபுஷ்பம் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தையில சொன்னதாலதான் சார் அந்த ஆளு கால் போச்சு.”

அவர் முகம் கடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டான். இப்போது எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் சொல்லவில்லை. “சரி, எத்தன வார்த்த வேணுமோ அத்தன வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

சொன்னாள். மெக்கானிக் காலையிலிருந்து கேட்டது, தான் பதில் சொன்னது, பாஷா கத்தியது, வெளி லைனை அடைக்காமல் விட்டது. அடைக்காதது தன் தப்பு என்பதையும் சொன்னாள். மேனேஜர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்.

“அவரு தப்பா கேக்கல சார். அவங்க ஆபீசுல கேக்கிற மாதிரி கேட்டாரு. நான் எங்க ஆபீசுல சொல்ற மாதிரி சொன்னேன்.”

எஞ்சினியர் தானியேல் பக்கம் திரும்பினார். “உன் பேரச் சொன்னியா?”

“இல்ல சார்.”

“ஆதிகேசவன் குரலக் கேட்டியா?”

தானியேல் தலையைக் குனிந்தார். “மேலருந்து போன் மேல போன் சார். எல்லா ஊர்லயும் கரண்ட் இல்ல. இன்னும் ஏன் விடலன்னு... விடறேன்னு அவங்களுக்கும் ஒரு போன் பண்ணிட்டுத்தான் சுவிட்சுகிட்டப் போனேன்.”

அந்த ஒரு போன்தான் என்கேஜ்டு என்று வந்தது. எக்ஸ்சேஞ்சுப் பெண் அந்த வார்த்தையைச் சொன்னபோது ஜெயபுஷ்பம் மனசுக்குள் அவளைச் சபித்திருந்தாள். அந்தப் பேச்சு நீண்டதால்தான் இவளுக்கு முற்றத்தைத் தாண்ட நேரம் கிடைத்தது என்று அந்த அறையில்தான் தெரிந்தது.

தானியேலுக்கு வேலை போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்தி, குடியாத்தத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிரேஸி சொல்லாமல் போய்விட்டாள். ஜெயபுஷ்பத்தை முதலாளிகள் போர்டிலிருந்து எடுத்து, காய்ந்த தோல்களைத் தரம் பிரிக்கிற கூடத்தில் போட்டார்கள். “நான் எவ்வளவோ சொன்னேன்” என்றார் இஷ்தியாக் அகமது. சொல்லியிருப்பார் என்றே அவளும் நம்பினாள். போர்டில் அவள் இடத்துக்கு வந்த பெண் கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போனதும், மறுபடி அவளையே போர்டுக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போயிருந்தன.

ஆதிகேசவன் பிழைத்தான். கால் ஒன்று கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கம்பம் ஏற முடியாது என்று, கரண்ட் போனால் ஜனங்கள் வந்து புகார் சொல்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். ஊரே தன்னைத் திட்டுகிற நாற்காலி அது என்று சொல்லிச் சிரிப்பான். முதல் இரண்டு வருஷம், வீட்டில் சுவிட்சைப் போடுவதற்குக்கூட தேவகியைத்தான் கூப்பிட்டான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டான். ஜெயபுஷ்பத்துக்கு அது தேவகி சொல்லித் தெரியும்.

எண்பத்து மூன்றில் ஆம்பூருக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் டேனரியின் பின்பக்கக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான்களை மாற்றுகிற வேலை. ஆட்கள் காலையிலேயே வந்து ஏறியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வெளி லைன் அடித்தது. அவள் எடுத்து, மற்ற எல்லாக் கார்டையும் பிடுங்கிவிட்டு, “டேனரி. ஜெயபுஷ்பம் பேசறேன்” என்றாள்.

லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

“சப் ஸ்டேஷன்லருந்து தானியேல் பேசறேன்” என்றது குரல். ஆம்பூருக்கே திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆறு வருஷத்தில் அவர் அவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

“கம்பத்து மேல ஆளுங்க யாராவது இருக்காங்களாம்மா?”

“இங்கருந்து தெரியாதுங்க. போய் என் கண்ணால பாத்துட்டு, அவங்கள்ல ஒருத்தர கையோட கூட்டினு வந்து பேசச் சொல்றேன். நேரமாவும்.”

“ஆவட்டும்” என்றார் தானியேல். “நான் வெக்கல. இருக்கேன்.”

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். நல்ல வெயில். காயப்போட்ட தோல்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அவள் ஓடவில்லை; அவற்றுக்கு நடுவே நிதானமாக நடந்துபோனாள்.